சங்கத்தை வாழ்விக்கும் ஒழுங்கு: மகாத்மா அய்யன்காளியின் வாழ்க்கை

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே அரபிக் கடலோரத்தில் அமைந்திருக்கிறது விழிஞ்ஞம். முற்காலத்தில் ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர் அது. 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகத்தால் இன்று அதன் பெயர் உலகெங்கும் தெரிகிறது. கடற்கரையிலிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால் வெங்ஙானூர் என்னும் ஊர் வரும். அங்கே பிறந்து, அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்த ஒரு பெரியவரின் வாழ்க்கை, தொண்டு நிறுவனங்களில் பணிபுரியும் ஒவ்வொருவரும் சிந்திக்கத்தக்கது. அவரே மகாத்மா அய்யன்காளி.

நம் நாட்டில் நல்ல நோக்கத்துடன் தொடங்கப்படும் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றுள் பல, தொடங்கியவரின் ஆர்வம் உள்ளவரை ஓடுகின்றன. அவர் தளர்ந்தால் அவையும் தளர்கின்றன. ஒருவரது உற்சாகத்தை நம்பி நடக்கும் பணி ஒரு வகை. யார் வந்தாலும் வராவிட்டாலும் வகுத்த முறைப்படி நடக்கும் பணி மற்றொரு வகை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒரு சங்கத்தை எப்படிக் கொண்டுசெல்வது? நிர்வாகவியல் நூல்கள் இன்று விரிவாக ஆராயும் இக்கேள்விக்கு, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் செயலால் விடை கண்டார் என்பது வியப்புக்குரியது.

பிறந்த காலம்

1863-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் வெங்ஙானூரில் அய்யன், மாலா தம்பதியருக்கு மகனாக அய்யன்காளி பிறந்தார். அவர் பிறந்த புலையர் சமூகம், தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு பிணைக்கப்பட்ட அடிமைகளாக இருந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. அதாவது, அவர் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே சட்டப்படி விடுதலை வந்துவிட்டது. ஆனால் அந்த விடுதலை ஏட்டில் இருந்ததே தவிர, வயல்வரப்பில் இல்லை.

பொதுச் சாலையில் நடக்க அவர்களுக்கு உரிமை இல்லை. சந்தைக்குள் நுழைய முடியாது. தூய ஆடை உடுத்துவது குற்றமாகக் கருதப்பட்டது. பெண்கள் மார்பை மறைக்க மேலாடை அணியும் உரிமையைப் பெறத் தென் திருவிதாங்கூரில் நடந்த போராட்டத்தை நாஞ்சில் நாட்டு அன்பர்கள் நன்கு அறிவர். அப்போராட்டத்தின் விளைவாக 1859-இல் வெளியான ஆணையும் ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே ஓரளவு பயன் தந்தது. பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூடப் புலையர் வீட்டுப் பிள்ளைகள் மிதிக்க இயலாது. அய்யன்காளியும் மிதிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் எழுத்தறியாதவராகவே இருந்தார்.

எனினும் அவருக்கு உறுதியான உடலும் அஞ்சாத நெஞ்சும் வாய்த்திருந்தன. ஊர் இளைஞர்கள் அவரைச் சுற்றித் திரண்டனர். உடற்பயிற்சியும் தற்காப்புக் கலையும் பயின்ற அந்தக் குழுவே அவரது முதல் அமைப்பு எனலாம்.

வீரத்தின் எல்லை

1893-ஆம் ஆண்டு, தம் முப்பதாம் வயதில், அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். இரண்டு காளைகளைப் பூட்டி, வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, தம் மக்கள் நடக்கவும் கூடாதென்று தடுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வில்வண்டி அக்காலத்தில் உயர்குடியினரின் வாகனம். எதிர்த்தவர்கள் வழிமறித்தனர், அவர் பின்வாங்கவில்லை. 1898-இல் சாலையில் நடக்கும் உரிமைக்காகப் பாலராமபுரத்தில் பெரும் மோதலே நிகழ்ந்தது. இரு தரப்பினரும் காயமுற்றனர். அங்கிருந்து கிளர்ச்சி பிற ஊர்களுக்கும் பரவியது.

இந்த நிகழ்ச்சிகள் இன்றும் கேரளத்தில் பெருமையுடன் பேசப்படுகின்றன; அந்தப் பெருமை தகுந்ததே. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வீரன் ஒருவன் சாலையில் வண்டியோட்டிச் செல்லும் நாளில் மற்றவர்களும் அவன் பின்னே நடக்கலாம். மறுநாள் அவன் வேறு ஊரில் இருப்பான். அப்போது அச்சாலையில் தனியே நடந்துவரும் கூலித் தொழிலாளியின் நிலை என்ன?

பள்ளி விஷயத்திலும் இதே பாடம் கிடைத்தது. தம் சமூகத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளிகள் மறுத்தபோது, 1904-இல் வெங்ஙானூரில் அய்யன்காளி ஒரு குடிசைப் பள்ளியைத் தாமே தொடங்கினார். எதிரிகள் அதற்குத் தீ வைத்தனர். மீண்டும் கட்டினர், மீண்டும் இடையூறு வந்தது. ஒருவரது மன உறுதியால் ஒரு கூரையை எழுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கூரையின் கீழ் ஆண்டு முழுவதும் ஆசிரியரும் மாணவரும் அச்சமின்றி அமர்வதற்கு, அதைவிட உறுதியான வேறொன்று தேவைப்பட்டது.

சங்கம் தோன்றியது

அக்காலத் திருவிதாங்கூரில் புதுக்காற்று வீசத் தொடங்கியிருந்தது. வெங்ஙானூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அருவிப்புறத்தில் 1888-இல் ஸ்ரீ நாராயண குரு சிவப் பிரதிஷ்டை செய்தார். அந்த ஆன்மிக எழுச்சி அங்கேயே நின்றுவிடாமல் 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்னும் பதிவு பெற்ற அமைப்பாக உருவெடுத்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் செயலாளராகப் பல ஆண்டுகள் அமர்ந்து, கூட்டமும் கணக்கும் பத்திரிகையும் ஒழுங்காக நடக்க உழைத்தார். அருளாளர் ஒருவரின் நினைப்பு, முறையான நிர்வாகத்தால் மக்களின் அன்றாட வாழ்க்கையை எட்டியது. சதானந்த சுவாமிகள் போன்ற துறவியரும் அய்யன்காளியின் மக்களிடையே வந்து ஊக்கமளித்தனர்.

1907-ஆம் ஆண்டு அய்யன்காளி சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். வெங்ஙானூர் அதன் தலைமையிடமாயிற்று. ஒரு சாதியின் பெயரைச் சூட்டாமல் சாது ஜனம் என்று பெயரிட்டது குறிப்பிடத்தக்கது. ஒடுக்கப்பட்ட எல்லாச் சமூகத்தாருக்கும் அதில் இடம் உண்டு என்பதை அப்பெயரே உணர்த்தியது. சங்கத்தின் கிளைகள் ஊர் ஊராகப் பரவின.

பழக்கங்களே அஸ்திவாரம்

சங்கத்தில் அவர் ஏற்படுத்திய பழக்கங்கள் மிக எளியவை. எளியவையாக இருந்ததால்தான் வறியவர்களால் அவற்றைக் கடைப்பிடிக்க முடிந்தது.

முதலாவது, சந்தா. ஆண்கள் மாதம் அரைச் சக்கரம், பெண்கள் கால் சக்கரம் செலுத்த வேண்டும். அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 28 சக்கரம். தொகை மிகச் சிறிது. ஆயினும் நாள்முழுதும் சேற்றில் உழைத்து நெல்லைக் கூலியாகப் பெறுபவருக்கு அதுவும் சுமையே. பெரிய நன்கொடை ஒன்றைப் பெற்றுச் சங்கத்தை நடத்தியிருந்தால், சங்கம் நன்கொடையாளருக்கு உரியதாகியிருக்கும். அரைச் சக்கரம் கொடுத்தவர் ஒவ்வொருவரும் இது என் சங்கம் என்று உணர்ந்தார். பெண்களிடமும் சந்தா பெற்றதால் அவர்களும் உரிமையுடைய உறுப்பினர்களாயினர்.

இரண்டாவது, வாரக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை வயல்வேலைக்குச் செல்லாமல் ஒன்றுகூட வேண்டும் என்பது சங்கத்தின் கட்டுப்பாடு. ஏழு நாளும் உழைத்தே பழகிய மக்களுக்கு ஓய்வு நாள் என்னும் எண்ணமே புதிது. அந்த நாளில் வழிபாடு நடந்தது. தூய்மை, நல்லொழுக்கம், கட்டுப்பாடு ஆகியவை பற்றிய அறிவுரைகள் வழங்கப்பட்டன. ஊரின் குறைகள் பேசப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய மாநாடு கூட்டினால் அன்றைக்கு ஆவேசம் பிறக்கும். வாரந்தோறும் கூடினால் பழக்கம் பிறக்கும். ஆவேசம் அன்றைய மாலையோடு தணிந்துவிடக்கூடும்; பழக்கம் அடுத்த வாரமும் ஆளை அழைத்து வரும்.

மூன்றாவது, வழக்குத் தீர்ப்பு. தமக்குள் எழும் பூசல்களை நிலக்கிழார்களிடம் கொண்டுசென்று அவமானப்படுவதும், பொய் வழக்குகளில் சிக்கி அலைவதும் அம்மக்களின் வழக்கமாயிருந்தன. அய்யன்காளி அரசு நீதிமன்றங்களின் மாதிரியில் சமுதாய நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். புகாரைப் பெறுவது, எதிர்த்தரப்பை அழைப்பது, இருவரையும் கேட்பது, பின்பே முடிவு சொல்வது என்னும் முறை அங்கே கையாளப்பட்டது. தலைமை மன்றம் வெங்ஙானூரில் இருந்தது. அவரது சொல்லுக்கு அப்போதிருந்த மதிப்பில், அவர் ஒரு பார்வையால் வழக்கை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தமக்கும் மேலாக ஒரு முறையை நிறுத்தினார். தலைவரின் தயவைக் காட்டிலும் நியாயமான நடைமுறையை நம்பலாம் என்ற பாடத்தை மக்கள் இதிலிருந்து கற்றனர்.

நான்காவது, எழுத்து. இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. அய்யன்காளிக்கு எழுத்துத் தெரியாது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் தெரியாது. ஆயினும் அரசு என்பது காகிதத்தின் வழியே கேட்கிறது, காகிதத்தின் வழியே பேசுகிறது என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். எழுத்தறிந்த சிலரைத் துணையாகக் கொண்டு விண்ணப்பங்கள் எழுதச் செய்தார். சாது ஜன பரிபாலினி என்னும் பத்திரிகையும் சங்கனாச்சேரியிலிருந்து வெளிவந்தது. வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்த விண்ணப்பத்திற்கு ஏதேனும் ஒரு பதில் வந்தே தீரும். அந்தப் பதிலை வைத்து அடுத்த விண்ணப்பம் எழுதலாம்.

ஆணையும் அனுபவமும்

சங்கத்தின் விண்ணப்பங்களின் பயனாகவும், அன்றைய திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நல்லெண்ணத்தாலும், ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று 1910-இல் அரசு ஆணையிட்டது. ஆணை வந்ததும் பணி முடிந்தது என்று எண்ணுவோர் உண்டு. பணி அப்போதுதான் தொடங்குகிறது என்று அய்யன்காளி அறிந்திருந்தார். கீழ்நிலை அதிகாரிகள் ஆணையை மறைத்தனர். தலைமையாசிரியர்கள் அலட்சியம் செய்தனர்.

பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அய்யன்காளி நேரில் சென்றார். ஆணையைக் காட்டி அவளைச் சேர்க்கும்படி கேட்டார். எதிர்த்தவர்கள் கலகம் விளைவித்தனர். அந்தச் சிறுமி அமர்ந்த பள்ளியே தீக்கிரையாயிற்று. அத்தீயில் பாதி எரிந்து எஞ்சியதாகக் கூறப்படும் ஒரு பெஞ்சு அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

வெங்ஙானூரில் சங்கத்தின் முயற்சியால் அமைந்த பள்ளியின் வரலாறு மேலும் நுட்பமான பாடம் தருகிறது. அங்கே கற்பிக்க ஆசிரியர் எவரும் முன்வரவில்லை. இறுதியில் திருவனந்தபுரம் கைதமுக்கைச் சேர்ந்த பரமேஸ்வரன் பிள்ளை என்னும் நல்லாசிரியர் துணிந்து இசைந்தார். அவருக்கு மிரட்டல்கள் வந்தன. முதல் நாள் வகுப்பே தாக்குதலுக்கு நடுவில்தான் நடந்தது. அதன்பின் சங்கத்தின் தொண்டர்கள் ஒவ்வொரு நாளும் அவரைப் பாதுகாப்பாகப் பள்ளிக்கு அழைத்து வந்து, மாலையில் திரும்பக் கொண்டுசேர்த்தனர்.

இந்தக் காவல் பணியைச் சற்று மனத்தில் காணுங்கள். பாலராமபுரத்தில் ஒரு நாள் போரிட்டது பெரிய செயல். அனைவரும் அதைப் பேசுவர். தினமும் காலையில் எழுந்து ஓர் ஆசிரியருக்குத் துணையாக நடந்து செல்வதைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்? மழை பெய்யும் நாளும் உண்டு. உடல்நலம் குன்றும் நாளும் உண்டு. எதிரிகள் எவரும் தென்படாததால் இன்று போகாவிட்டால் என்ன என்று தோன்றும் நாளும் உண்டு. அந்த நாட்களிலும் துணை சென்றால்தான் பள்ளி பள்ளியாக இருக்கும். ஒரு சங்கத்தின் உண்மையான தரம் இத்தகைய புகழில்லாத பணியில்தான் வெளிப்படுகிறது.

விழிஞ்ஞத்துப் படகுகள்

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க நிலவுடைமையாளர்கள் தொடர்ந்து தடை செய்தபோது, அய்யன்காளி வேலைநிறுத்தத்தை அறிவித்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி இல்லையேல் உங்கள் வயலில் எங்களுக்கு வேலை இல்லை என்பதே அதன் சாரம். கூலி, நடமாடும் உரிமை, அடி உதையிலிருந்து பாதுகாப்பு ஆகிய கோரிக்கைகளும் அதில் அடங்கியிருந்தன. கல்வியை முதல் கோரிக்கையாகக் கொண்ட உழவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம், இந்திய வரலாற்றில் அபூர்வமான ஒன்று.

வயல்கள் தரிசாகக் கிடந்தன. ஆனால் அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ளவர்கள் எத்தனை நாள் தாங்குவர்? பட்டினி வந்துவிட்டால் கொள்கை தளரும்; முதலாளிகளும் அதைத்தான் எதிர்பார்த்தனர். அய்யன்காளி இதற்கும் ஒரு வழி வகுத்தார். அவர் விழிஞ்ஞம் பகுதி மீனவர்களிடம் சென்றார். ஒவ்வொரு படகிலும் தம் தொழிலாளர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு, பிடிபடும் மீனில் அவருக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மீனவர்கள் இசைந்தனர். சேற்றில் உழைத்த கைகள் வலை இழுத்தன. வேலைநிறுத்தம் ஏறக்குறைய ஓராண்டு நீடித்தது.

எல்லோரையும் நோக்கித் தியாகம் செய்யுங்கள் என்று முழங்குவது எளிது. தியாகம் செய்பவரின் வீட்டில் இன்றிரவு என்ன சமைப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பது கடினம். படகுக்கு ஓர் ஆள், மீனில் ஒரு பங்கு என்பது மிக எளிய ஏற்பாடு. யாரையும் அது பெரும் சுமைக்கு ஆளாக்கவில்லை. எவரும் எளிதில் புரிந்துகொள்ளலாம். அய்யன்காளி உடன் இல்லாவிட்டாலும் மறுநாளும் நடக்கும். ஒரு நல்ல முறைக்கு இருக்க வேண்டிய இலக்கணங்கள் அனைத்தும் அதில் இருந்தன. கடலோர மக்களுக்கும் வயலோர மக்களுக்கும் இடையே சாதி, சமய வேற்றுமையைத் தாண்டிய நட்பும் அதன் வழியே மலர்ந்தது.

இறுதியில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கண்டளா நாகம் பிள்ளை நடுவராக நியமிக்கப்பட்டார். அவரது முயற்சியால் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளரின் முக்கியக் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன.

சபையில் ஒரு குரல்

திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ மூலம் திருநாள் 1904-இல் ஸ்ரீ மூலம் பிரஜா சபையைத் தொடங்கியிருந்தார். ஆண்டுதோறும் கூடிய அச்சபையில் மக்களின் பிரதிநிதிகள் தம் குறைகளை அரசிடம் எடுத்துரைக்கலாம். 1911 டிசம்பரில் அய்யன்காளி அதன் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பொதுச் சாலையில் நடக்கவும் உரிமையற்றிருந்த சமூகத்தின் மகன், 1912 முதல் அரசின் அவையில் தலைப்பாகையுடன் அமர்ந்து பேசினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அச்சபையில் இடம்பெற்றார்.

அங்கே அவர் பேசியவை பெரும்பாலும் திரும்பத் திரும்ப வந்த விஷயங்களே: பயிரிடப்படாத அரசுப் புறம்போக்கு நிலங்களைத் தம் மக்களுக்கு வழங்குவது, பள்ளிச் சேர்க்கை, கல்விக் கட்டணச் சலுகை, அரசு வேலை. சென்ற ஆண்டு கேட்டதையே இந்த ஆண்டும் கேட்க அவர் வெட்கப்படவில்லை. வழங்கப்பட்ட நிலம் உரியவர் கைக்குச் சென்று சேர்ந்ததா, பிறப்பிக்கப்பட்ட ஆணை நடைமுறைக்கு வந்ததா என்று பின்தொடர்ந்தார். விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டு, குடும்பத்திற்கு ஓர் ஏக்கர் வீதம் பகிர்ந்தளிக்கப்பட்டதை அவரது விடாமுயற்சியின் பலன்களுள் ஒன்றாகக் குறிப்பிடுவர். இரண்டு தலைமுறை முன்புவரை நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள், இப்போது நிலத்திற்கு உரியவர்களாயினர்.

இந்தப் பொறுமை எல்லாக் காலத்திலும் எளிதாக இருக்கவில்லை. 1915 அக்டோபரில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கடுமையான கலவரம் மூண்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும் என்றிருந்த வழக்கத்தைக் கைவிட முனைந்ததே அதன் பின்னணி. குடிசைகள் எரிந்தன, மக்கள் சிதறி ஓடினர். அய்யன்காளி அங்கு விரைந்தார். பழிக்குப் பழி என்று கிளம்பக் காரணங்கள் ஏராளம். அவரோ அரசின் அனுமதியுடன், அதே ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் அனைத்துச் சமூகத்தாரும் கலந்துகொண்ட பெருங்கூட்டத்திற்கு வழி செய்தார். உயர்குலத்தைச் சேர்ந்த சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை அதற்குத் தலைமை தாங்கினார். அந்த மேடையின் முன்னே, பலரும் பார்த்திருக்க, பெண்கள் தம் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். மறைவாகச் செய்திருந்தால் மீண்டும் கலவரத்தில் முடிந்திருக்கக்கூடிய ஒன்று, எல்லோரும் சாட்சியாக நின்றதால் மறுக்க முடியாத வழக்கமாயிற்று. இளமையில் பாலராமபுரத்தில் நின்ற அதே மனிதர்தான் இவர். வீரம் குறையவில்லை, அது முறைக்குள் நின்று இன்னும் வலிமை பெற்றிருந்தது.

நின்றதும் நில்லாததும்

1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூரின் கோயில்கள் அனைத்து இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1937 ஜனவரியில் திருவிதாங்கூரில் பயணம் செய்த மகாத்மா காந்தி வெங்ஙானூருக்கு வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். தம் வாழ்நாளுக்குள் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அப்போது அய்யன்காளி வெளியிட்ட விருப்பம். தமக்கென எதையும் அவர் கேட்கவில்லை. எழுத்தறியாத முதியவரின் இதயத்தில் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியதே. 1941-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவரது நினைவைப் போற்றும் வகையில் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் 1980-இல் சிலை நிறுவப்பட்டது. 2002-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. பிரஜா சபை தொடக்க காலத்தில் கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால், 2019-இல் அய்யன்காளி மண்டபம் என்று பெயர் மாற்றப்பட்டது.

ஒன்றை நாம் மறைக்காமல் நோக்க வேண்டும். அய்யன்காளி முதுமையடைந்தபோதே சாது ஜன பரிபாலன சங்கம் தளரத் தொடங்கியது. உட்பிரிவுகளின் பெயரால் தனித்தனி அமைப்புகள் எழுந்தன. சங்கத்தின் பழைய ஒற்றுமை நிலைக்கவில்லை. அனைவரையும் ஒன்றாகப் பிணைத்திருந்தது பெரிதும் அவரது ஆளுமையே. அந்தப் பிணைப்புக்கு ஈடாக ஒரு முறை உருவாகியிருக்கவில்லை.

ஆனால் எவையெல்லாம் முறையாக மாறியிருந்தனவோ அவை நின்றன. பள்ளிச் சேர்க்கை சட்டத்தின் பகுதியாகிவிட்டது. அது மீண்டும் மூடப்படவில்லை. சாலையில் நடப்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. அதற்கு இனி வீரன் ஒருவன் தேவையில்லை. வெங்ஙானூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தொடர்ந்து படித்தனர். தனி மனிதரின் தோளில் நின்றது அவரோடு சாய்ந்தது. பழக்கத்திலும் விதியிலும் ஊன்றியது அவருக்குப் பின்னும் வாழ்ந்தது. ஒரே வாழ்க்கையில் இவ்விரண்டையும் அருகருகே காண்பதுதான் இவ்வரலாற்றின் தனிச்சிறப்பு.

நமக்கான சிந்தனை

தொண்டில் ஈடுபடும் நம் ஒவ்வொருவருக்கும் இதில் செய்தி உண்டு. நம் ஊரில் ஒரு வாராந்திர வகுப்பையோ, மாணவர்களுக்கான மாலைநேரப் பாடசாலையையோ, அன்னதானத்தையோ எடுத்துக்கொள்வோம். அது யாரோ ஒருவர் இருந்தால் மட்டும் நடக்கிறதா? அவர் வெளியூர் சென்ற வாரம் கதவு திறக்கப்படுகிறதா? சாவி எங்கே இருக்கிறது, கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது, சென்ற மாதம் எடுத்த முடிவு நிறைவேறிற்றா என்பவை இரண்டாம் மனிதருக்கும் மூன்றாம் மனிதருக்கும் தெரியுமா? இவை சிறிய கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் நாம் தொடங்கிய பணி நமக்குப் பின் வாழுமா என்பது இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

முறை என்றவுடன் சிலர் அஞ்சுவர். அன்பின் இடத்தில் விதி வந்து அமர்ந்துவிடுமோ என்று தயங்குவர். அய்யன்காளியின் வாழ்க்கை அந்த அச்சத்தைப் போக்குகிறது. பட்டினி கிடக்கும் தொழிலாளியின் மீது அவர் கொண்ட அன்புதான் படகுக்கு ஓர் ஆள் என்ற ஏற்பாடாயிற்று. பிள்ளைகளின் மீது கொண்ட அன்புதான் ஆசிரியருக்குத் தினந்தோறும் துணை செல்லும் ஒழுங்காயிற்று. முறை என்பது, நாளையும் தவறாமல் வந்து சேர்வதற்காக அன்பு தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடு.

நித்திய பூஜையின் சிறப்பை நாம் அறிவோம். திருவிழா நாளில் ஆயிரம் பேர் கூடுவர்; அர்ச்சகரோ ஆண்டின் எல்லா நாட்களிலும் விடியலில் நடை திறக்கிறார். அந்தத் தொடர்ச்சியால்தான் திருவிழாவுக்கும் பொலிவு உண்டாகிறது. சேவையையும் நித்திய பூஜையாகக் கருதி, சிறிய கடமைகளைச் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன விதத்தில் செய்யும் பழக்கத்தை நம் அமைப்புகளில் வளர்ப்போம். நமக்குப் பின் வருபவர் அப்பணியை எளிதாக ஏற்று நடத்தும்படி ஒப்படைத்துச் செல்வோம்.